பச்சை மாவும் பச்சைப் பிள்ளைகளும்: நத்தார் கேக் அடிக்கும் நாளுக்கு

டிசம்பரில் கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு சனிக்கிழமையாவது கேக் நாளாகிவிடும். மாமி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் ஒரே குசினியில் கூடுவார்கள். ஒரு மூலையில் கஜு (முந்திரிப்பருப்பு) வெட்டுவார்கள், இன்னொரு மூலையில் முட்டை உடைப்பார்கள், மேசையில் பிள்ளைகள் குக்கீ வெட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே பனி கொட்டுவதால் யன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கும். இப்படிப்பட்ட நாளில் எல்லோரும் சூடான தட்டுக்கும் கத்திக்கும்தான் பயப்படுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் பயப்படுவது ஓவனுக்குள் போகாத கலவைக்கு: கரண்டியில் ஒட்டியிருப்பது, கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருப்பது, பிள்ளையின் விரலில் இருப்பது.

பச்சை முட்டை ஆபத்து என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். பச்சை மாவும் ஆபத்து என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கோதுமை திறந்த வயலில் விளைகிறது. மான், பறவை, மாடு ஆகியவற்றின் எச்சம் அதில் படலாம். ஆலையில் தானியத்தைச் சுத்தம் செய்து அரைக்கிறார்கள், ஆனால் கிருமி சாகும் அளவுக்கு எங்கேயும் சூடாக்குவதில்லை. வெள்ளை வெளேரென்று பையில் இருந்தாலும் அது பச்சை இறைச்சியைப் போலவே சமைக்காத பொருள்தான். மா காய்ந்திருப்பதால் கிருமி அதில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிரீசரில் வைத்தாலும் சாகாது. 2016 கடைசியில் தொடங்கி 2017 வரை கனடாவில் ஈ.கோலை ஓ121 என்ற குடல் கிருமியின் தொற்று ஆறு மாகாணங்களில் 30 பேரைப் பிடித்தது. காரணம் கோதுமை மா என்று கண்டுபிடிக்கப்பட்டு, கடைகளிலிருந்து மா திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலும் 2016இல் மாவால் இதேபோலத் தொற்று வந்தது. அப்போது 24 மாநிலங்களில் 63 பேர் நோய்ப்பட்டார்கள்.

நம்மவர்களிடம் இந்தச் சந்தேகம் எழாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குசினியில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து, அரித்துத்தான் வைப்போம். அவித்த மாவைக் கையில் எடுத்து வாயில் போட்டு வளர்ந்தவர்களுக்கு மா என்றாலே பாதுகாப்பான பொருள். ஆவியின் ஈரச்சூடு கிருமியை நன்றாகக் கொல்லும். பையிலிருந்து நேரே கொட்டும் மாவில் அந்த வேலை நடக்கவே இல்லை. அவித்த மாவில் குக்கீ செய்யவும் முடியாது, பசைத்தன்மை போய் உதிர்ந்துவிடும்.

மாவைத் தட்டில் பரப்பி ஓவனில் சூடாக்கிவிட்டால் பச்சையாகச் சாப்பிடலாம் என்று சமூக ஊடகங்களில் ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். உலர்ந்த சூட்டை சல்மொனெல்லா என்ற கிருமி நன்றாகத் தாங்கும். தட்டின் ஓரத்து மா கருகத் தொடங்கும்போதும் நடுவிலிருக்கும் மா போதிய சூடு ஏறாமல் இருக்கும். ரவைக்கும் இதே கதைதான். ரிச் கேக் எனப்படும் நத்தார் பழக் கேக்குக்கு ரவையை வறுப்பது வாசத்துக்காக. வறுத்துவிட்டோமே என்று கலவையை ருசி பார்க்க வேண்டாம்.

அடுத்து வருவது பிரண்டி. 'பிரண்டி ஊற்றியிருக்கிறோம், கிருமி எல்லாம் செத்துவிடும்' என்று பெரியவர்களே சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 3 கிலோ கலவையில் 100 மில்லி பிரண்டி சேர்த்தால் அதிலுள்ள மதுசாரம் 40 மில்லி, அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. அந்த அளவு எந்தக் கிருமியையும் கொல்லாது. சீனியும் பட்டரும் கொல்வதில்லை. கொழுப்பும் சீனியும் நிறைந்த கலவையில் கிருமிகள் சூட்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்குகின்றன.

அதனால்தான் ரிச் கேக் நடுவரை வேக வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். வீட்டுக்கு வீடு அளவு மாறினாலும், 250 கிராம் ரவை, 250 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 12 மஞ்சள்கரு, 6 வெள்ளைக்கரு, அதோடு ஒரு மலையளவு கஜு, பிளம்ஸ், செரி, பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டு), இஞ்சிப்பாகு என்பது ஒரு பொதுவான கணக்கு. 140 பாகை செல்சியஸில் (275 பாரன்ஹீட்) இரண்டேகால் மணி முதல் இரண்டேமுக்கால் மணி வரை பிடிக்கும். காற்றாடி ஓடும் ஓவனாக இருந்தால் சூட்டை 15 பாகை குறையுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது இந்தக் கேக்குக்குச் சரிவராது. பழத்தின் பாகு ஒட்டி வேகாதது போலக் காட்டும், அல்லது வெந்த இடத்தில் குத்துப்பட்டு நடுவிலுள்ள பச்சையை மறைத்துவிடும். இறைச்சிக்கு வைத்திருக்கும் வெப்பமானியை நடுவில் குத்துங்கள். 95 பாகை காட்டினால் இறக்கலாம்.

குளிர்காலம் இங்கே ஒரு குழப்பம் செய்கிறது. பேஸ்மென்ட்டில் ஊறிக்கொண்டிருக்கும் பழக் கலவை 12, 13 பாகையில் இருக்கும், முட்டை பிரிட்ஜிலிருந்து 4 பாகையில் வரும். இரண்டையும் அப்படியே பட்டரில் போட்டால் பட்டர் இறுகிக் கலவை திரிந்துவிடும். திரிந்த கலவை ஒரே சீராக வேகாது. குளிர்ந்த கலவை ஓவனில் சூடேறவே கூடுதலாக நேரம் எடுக்கும். அதற்குள் ஓரம் காய்ந்து, அடி கருகத் தொடங்கும். கருகுகிறதே என்று பதறி இறக்கும்போது நடுவில் களி. பழத்தை முதல் நாள் இரவே மேலே கொண்டுவந்து வையுங்கள். முட்டைகளை ஓட்டோடு இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் போடுங்கள். பட்டர் 18 முதல் 20 பாகையில் இருந்தால், விரல் வைத்தால் குழி விழும், ஆனால் எண்ணெய் மினுங்காது. தட்டைச் சுற்றி உள்ளும் வெளியும் பல மடிப்புத் தாள் கட்டுவது நம் அம்மம்மாக்கள் கண்ட நல்ல வழி, அதை விடாதீர்கள்.

குக்கீ செய்கிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும்போது காற்று காய்ந்திருக்கும், மாவும் காய்ந்துவிடும். கோடையில் சரியாக வந்த அளவு டிசம்பரில் வெடிக்கும். கோப்பையால் அள்ளாமல் தராசில் நிறுங்கள். கரண்டியால் மெல்லப் போட்டால் ஒரு கோப்பை 125 கிராம், பைக்குள் கோப்பையை விட்டு அள்ளினால் 150க்கு மேல் போகும். வெடித்தால் ஒரு தேக்கரண்டி பால் சேர்த்துப் பாருங்கள்.

ரிச் கேக்கில் ஓவன் காப்பாற்றாத ஒரு பகுதி உண்டு. மேலே பூசும் கஜு ஐசிங். அரைத்த கஜு, ஐசிங் சீனி, பன்னீர், அதைப் பிணைக்க ஒன்று இரண்டு பச்சை வெள்ளைக்கரு. கேக் முழுவதையும் இரண்டரை மணித்தியாலம் வேகவைத்துவிட்டு, அதன் மேல் சமைக்காத முட்டையைப் பூசிக் கர்ப்பிணிக்கும் வயோதிபருக்கும் கொடுக்கிறோம். இதற்கு எளிய மாற்று இருக்கிறது. கடையில் பெட்டியில் வரும் பாஸ்டரைஸ் செய்த (கிருமி சாகச் சூடாக்கிய) வெள்ளைக்கருவை வாங்குங்கள், 30 மில்லி ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். ருசியில் வித்தியாசம் தெரியாது. இது நன்றாக நுரைக்காது என்பதால் கேக்குக்குள் அடித்துச் சேர்க்கும் வெள்ளைக்கருவுக்குப் பயன்படுத்த வேண்டாம், அது எப்படியும் வேகப்போகிறது. குக்கீ மேல் போடும் வெள்ளை ஐசிங்குக்கு மெரிங் பவுடர் (காயவைத்த வெள்ளைக்கருத் தூள்) போதும்.

பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை. வெட்டட்டும், உருட்டட்டும், தூவட்டும். கிண்ணம் வழிக்கும் ஆசைக்குப் பதிலாக உருக்கிய சொக்லேட்டில் ஒரு கரண்டி கொடுங்கள். வாயில் கை போகும் வயதென்றால் மாவுக்குக் கிட்டவே விடாதீர்கள். மா பறக்கும் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. மிக்ஸரைப் போட்டவுடன் எழும் தூள் பக்கத்திலுள்ள வெட்டிய பழத்திலும் ஆறிக்கொண்டிருக்கும் குக்கீயிலும் படியும். வெந்ததற்கு வேறு மேசை வேண்டும். துடைக்கும்போது காய்ந்த துணியால் தட்டாமல் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

கஜு என்றதும் ஒவ்வாமை. வகுப்புத் தோழர்கள் வரும் வீட்டில், முதல் நாளே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். கஜு இல்லாத குக்கீயை எல்லாவற்றுக்கும் முதல் செய்து, மூடி, வேறு அறையில் வையுங்கள். கஜு அரைத்த மிக்ஸியையும் உருட்டிய கட்டையையும் கழுவிவிட்டு அதே நாளில் செய்தோம் என்றால் அது நம்பத்தக்கதல்ல, மரக்கட்டையின் இடுக்கில் எண்ணெய் இருக்கும். உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் எபிநெஃப்ரின் ஊசியை உடனே போட்டு 911ஐ அழையுங்கள். ஒவ்வாமை மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது.

வெளியே குளிர்தானே என்று ரோல்ஸையும் பற்றிஸையும் பட்டர் ஐசிங் போட்ட கேக்கையும் கராஜில் வைக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. ரொறன்ரோ டிசம்பரில் ஒரு நாள் பூச்சியத்துக்குக் கீழே, மறுநாள் 8, 10 பாகை. வீட்டோடு ஒட்டிய கராஜ் பெரும்பாலும் வெளியை விடச் சூடு. இறைச்சிச் சாமான் 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அங்கே ஒரு வெப்பமானி தொங்கவில்லை என்றால் அதைப் பிரிட்ஜ் என்று நினைக்காதீர்கள். ஐசிங் போடாத ரிச் கேக்குக்கு இந்தப் பயம் இல்லை, நன்றாகச் சுற்றி வைத்தால் அறைச் சூட்டிலேயே கிடக்கும்.

காஸ் ஓவன் உள்ள வீடுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அங்கே கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு சேரலாம். நான்கு தட்டு கேக் என்றால் ஓவன் காலையிலிருந்து இரவு வரை எரியும். புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், ஆனால் அது காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். உள்ளே விடும் வகை என்றால் ஒரு யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். அடியில் பாகு வழியும் என்று ஓவன் தளத்தில் அலுமினியத் தாள் விரிக்க வேண்டாம், காற்றுத் துளை அடைபட்டுச் சுடர் சரியாக எரியாது. வீட்டுப் பக்கச் சுவரில் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்று விருந்தாளிகள் வரும் முன் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நடைபாதைப் பனியைத் தள்ளி அதன் மேலேயே குவித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளி புறப்படும் முன் காரைக் கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்குவதும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில் காஸ் நெருப்பிடத்தின் புகைக்குழாய் அடைபட்டு ஒரு காவல் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தின்படி 2014இலிருந்து காஸ் கருவியோ நெருப்பிடமோ ஒட்டிய கராஜோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்குக் கிட்ட இந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். கேக் நாளில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரம் தலையிடி, குமட்டல் என்றால் சாப்பாட்டைக் குற்றம் சொல்லும் முன் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். வெளிக்காற்றில் தெளிந்தால் காரணம் சாப்பாடு அல்ல. 911ஐ அழையுங்கள், உள்ளே திரும்பிப் போக வேண்டாம்.

குளிர்காலத்தில் சுற்றும் நோரோ வைரஸ் பற்றிச் சொல்வது சுருக்கம்: சத்தி, வயிற்றோட்டம் இருந்தவர் அது நின்று 48 மணித்தியாலம் ஆகும் வரை யாருக்கும் சமைக்கக்கூடாது. கை கழுவும் ஜெல் இந்த வைரஸைச் சரியாகக் கொல்லாது. சவர்க்காரமும் தண்ணீரும் 20 விநாடியும் வேண்டும்.

கடைசியாக, மா வாங்கிய பையை எறிய வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மாவை டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுவது நம் வழக்கம். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் பிறகு எந்தப் பை என்றே தெரியாது. திகதியும் எண்ணும் அச்சான பக்கத்தை வெட்டி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள், பழைய மாவுக்கு மேல் புதிய மாவைக் கொட்ட வேண்டாம். ஈ.கோலை பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெரியும், பத்து நாள் வரையும் போகலாம். அதற்குள் கேக் நாளை எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்கு இரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீர் குறைந்து, முகம் வெளிறினால் நேரே அவசர சிகிச்சைக்கு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து கூட. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: போன சனிக்கிழமை பச்சைக் கலவை வாயில் வைத்தது, மாப் பையின் எண் இது.