மின்தடை: கரண்ட் கட்டா, ஓம் கணக்கா?

"காட்பாடியில் நாளை மின்தடை" என்று பேப்பரில் பார்த்தால், மறுநாள் எட்டு மணிக்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவோம். அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை "மின்தடையின் அலகு ஓம்" என்று உருப்போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஓம், சாமி ஓம் இல்லை. கியோர்க் சைமன் ஓம் என்கிற ஜெர்மானியர். 1827இல் இந்தக் கணக்கைப் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

பேப்பர்காரர் சொல்வது கரண்ட் நிற்பதை. பாடநூல் சொல்வது ரெசிஸ்டன்ஸை: தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை ஒரு கம்பி எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்கிற அளவு. ஓட்டம் குறையும், ஆனால் நிற்காது.

ரெசிஸ்டன்ஸின் வேர் லத்தீன். எதிர்த்து நிற்பது என்று பொருள். அப்படிப் பார்த்தால் 'எதிர்ப்பு'தான் நேர்ச்சொல். நோய் எதிர்ப்பு என்று உடம்புக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம். மின்சாரத்துக்கு அமைந்தது 'தடை'. கொடு கொடையானது போல, விடு விடையானது போல, தடு தடையாயிற்று. பொருளின் தடைத்தன்மைக்கு மின்தடை எண், சர்க்யூட்டில் தடைக்கென்றே வைக்கும் ரெசிஸ்டருக்கு மின்தடையம் என்று கிளைவிடவும் வசதி. ரெசிஸ்டரை இலங்கையில் 'தடையி' என்பார்கள். எனக்கென்னவோ மின்தடையத்தைவிட அதுதான் பிடிக்கிறது. பவருக்கு நம் பாடநூலில் 'திறன்', அங்கே 'வலு'.

சரி, கணக்குக்கு வருவோம். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்கு, சூடேறாத அயர்ன் பாக்ஸைக் கொண்டுபோயிருந்தேன். 1000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருந்தது. கடைக்காரர் முதலில் பிளக்கில் தடை அளக்கும் மீட்டரை வைத்தார் (அதில் என்ன வந்தது என்பது கடைசியில்). பிறகு மூடியைக் கழற்றி, காயிலின் இரு முனையிலும் வைத்தார். 51, 52 ஓம் என்று ஆடி நின்றது. "காயில் நல்லாத்தான் கீது சார்."

அவர் கணக்குப் போடவில்லை, கைப்பழக்கம். நாம் போட்டுப் பார்க்கலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1000/230, ஏறக்குறைய 4.35. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்: 52.9. காயில் சூடேறினால் தடை கொஞ்சம் கூடும் என்பதால், ஆறியிருக்கும்போது ஓரிரண்டு குறைவாகக் காட்டுவது சரிதான்.

'தடை' என்ற சொல் ஏமாற்றுவது இங்கேதான். தடை கூடினால் சூடும் கூடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதே 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் கீசரின் தடை 26.45 ஓம்தான். தடை பாதி, ஓட்டம் இரட்டிப்பு, திறனும் இரட்டிப்பு. கோடையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் நம் அயர்ன் பாக்ஸ் என்னவாகும்? வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுக்க வேண்டும்: 32400/52.9, சுமார் 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் குறைய, திறன் நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் போய்விட்டது. சட்டைச் சுருக்கம் போகாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் அந்த பிளக் விஷயம். மீட்டரின் இடது ஓரத்தில் வெறும் 1 நின்றது. அளக்க முடியாத தடை என்று அர்த்தம். உள்ளே ஒயர் அறுந்திருந்தது. பாடநூல் மின்தடை அளவிறந்து போனால், அதுதான் பேப்பர்காரரின் மின்தடை.