எல்லா வலியும் மூலம் இல்லை

"டாக்டர், எனக்கு மூலம்" என்றுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பார்கள். ஆனால் நாற்காலியின் நுனியில், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்காருவதைப் பார்த்ததுமே எனக்கு வேறு சந்தேகம் வந்துவிடும். உள்மூலத்தில் ரத்தம் போகும், பெரும்பாலும் வலி இருக்காது. இவர்களுக்கோ வலிதான் பிரச்சினையே.

மலம் போகும்போது எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "கண்ணாடித் துண்டு அறுத்துக்கொண்டு வர்ற மாதிரி இருக்கு." அப்புறம்? "இரண்டு மணி நேரத்துக்கு எரிச்சல், உட்காரவே முடியல." ரத்தம்? "கழுவும்போது கொஞ்சம், நல்ல சிவப்பா." இந்தப் பதில்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். இது ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஃபிஷர்.

பரிசோதனை என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, புட்டத்தை மெதுவாக விலக்கி, நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலே போதும். காகிதம் அறுத்தது போன்ற சின்னக் கீறல், பெரும்பாலும் பின்பக்கம் நடுவில் தெரியும். இவ்வளவு வலியில் இருப்பவருக்கு விரலையோ குழாயையோ உள்ளே விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் வலி அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீறல் பக்கவாட்டில் இருந்தால் மட்டும் கவனமாகிவிடுவேன். குடல் அழற்சி, காசநோய் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவு சின்னக் கீறல் ஏன் ஆறுவதில்லை? வலியால், ஆசனவாயை மூடிவைக்கும் உள் சுருக்குத்தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது இன்னும் கெட்டியாகி மறுபடியும் கிழிக்கும். ஒரு பெண்மணி, கழிப்பறைக்குப் போகவே கூடாது என்று நான்கு நாள் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்துவிட்டு வந்தார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. வலி அவரை அந்த அளவுக்கு மிரட்டியிருக்கிறது.

அதனால் சிகிச்சையில் முதல் வேலை மலத்தை இளக்குவது. நார்ச்சத்து நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை உள்ளே போக வேண்டும். தண்ணீரும் கூடவே நிறையக் குடிக்க வேண்டும். போதாவிட்டால் மலமிளக்கி தருவோம். மலம் கழித்ததும் வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியில் 10, 15 நிமிடம் உட்கார்ந்தால் தசை தளரும். புதிதாக வந்த வெடிப்புகளில் ஏறக்குறைய பாதி இதிலேயே ஆறிவிடும்.

ஆறாதவர்களுக்கு டில்டியாசெம் அல்லது நைட்ரோகிளிசரின் களிம்பு தருவோம். இவை தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டும். நைட்ரோகிளிசரின் சிலருக்குக் கடும் தலைவலி தரும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். கூச்சப்படாமல் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வலி நின்றது என்று ஒரு வாரத்தில் களிம்பை நிறுத்துகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். 6 முதல் 8 வாரம் வரை போட வேண்டும்.

அறுவை சிகிச்சை, இத்தனையும் செய்து ஆறாத நாள்பட்ட வெடிப்புக்குத்தான். காய்ச்சல், வீக்கம், சீழ் இருந்தால் அது வெடிப்பாக இல்லாமல் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதற்குக் களிம்பு போட்டுக் காத்திருக்காமல், அன்றைக்கே வந்துவிடுங்கள்.