‘சாக்கர்’ என்றால் கால்பந்துதான்

“நான் சாக்கர் ஃபேன். வேர்ல்டு கப் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறேன்.”

அமெரிக்கர் ஒருவர் இப்படிச் சொன்னார் என்றால் அதைத் தமிழில் எப்படி எழுதுவது? 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்துகின்றன. 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள். அமெரிக்க ரசிகர்களின் பேட்டிகளும் பேச்சுகளும் தமிழுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வரும்போது முதலில் இடறுவது ‘சாக்கர்’ என்ற சொல்லில்.

அதை அப்படியே ‘சாக்கர்’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. படிப்பவர் அது ஏதோ வேறு ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார். ‘அமெரிக்கக் கால்பந்து’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது பெரும்பிழை. அமெரிக்கக் கால்பந்து என்பது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். மூன்றாவது வகையினர் ‘சாக்கர்’ என்பது கால்பந்துதான் என்று சரியாக எழுதிவிட்டு, ‘அமெரிக்கர்கள் வைத்த பெயர்’ என்று ஒரு வால் சேர்ப்பார்கள். இந்த வால்தான் என்னை இதை எழுத வைத்தது. ‘சாக்கர்’ அமெரிக்காவில் பிறந்த சொல் இல்லை. அசல் இங்கிலாந்துச் சொல்.

1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதியில் சில கால்பந்து மன்றத்தினர் கூடினார்கள். அதுவரை இங்கிலாந்தில் ‘ஃபுட்பால்’ என்பது ஒரே ஆட்டமாக இருக்கவில்லை. பள்ளிக்கு ஒரு விதி. ஓரிடத்தில் பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், இன்னோரிடத்தில் கூடாது. எதிரியின் முழங்காலுக்குக் கீழே எட்டி உதைப்பதைக்கூடச் சில பள்ளிகள் ஆட்டத்தின் வீரம் என்று கருதின. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதிநூல் வேண்டும் என்று கூடியவர்கள் ‘ஃபுட்பால் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பந்தைத் தூக்கி ஓடுவதையும் காலில் உதைப்பதையும் விதிகளிலிருந்து நீக்கியதும் பிளாக்ஹீத் மன்றம் கோபித்துக்கொண்டு வெளியேறியது. தூக்கி ஓடும் ஆட்டத்தை விரும்பியவர்கள் 1871இல் ரக்பிக்குத் தனிச் சங்கம் அமைத்தார்கள்.

இப்போது இரண்டு ஃபுட்பால். ஒன்று ‘ரக்பி ஃபுட்பால்’, மற்றது சங்கத்தின் விதிப்படி ஆடும் ‘அசோசியேஷன் ஃபுட்பால்’. மாணவர்கள் வாயில் இவ்வளவு நீளப் பெயர்கள் தங்குமா? அந்தக் காலத்து ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சொல்லையும் பாதியில் வெட்டி, கடைசியில் ‘அர்’ என்று ஒட்டிவிடுவார்கள். ரக்பி ‘ரக்கர்’ ஆனது. காலை உணவான பிரேக்ஃபாஸ்ட் ‘பிரெக்கர்’ ஆனது. ‘அசோசியேஷன்’ என்ற சொல்லில் முன்னும் பின்னும் வெட்டி நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதே வாலை ஒட்டினார்கள். ‘சாக்கர்’ கிடைத்தது.

நமக்கு இது புதிதில்லை. பாலசுப்பிரமணியனை வெட்டி ‘உ’ சேர்த்துப் பாலு என்கிறோம். ராமசாமி ராமு ஆகிறார். சுப்பிரமணியனுக்கு முன்பக்கத்தை விட்டுவிட்டு ‘மணி’ என்று பின்பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு நாம் செய்வதை அவர்கள் ஓர் ஆட்டத்துக்குச் செய்தார்கள். ஆகவே ‘சாக்கர்’ என்பது கால்பந்தின் செல்லப்பெயர்.

முதலில் எழுத்துக்கூட்டல்கூட உறுதிப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கவிஞர் எர்னஸ்ட் டௌசன் 1889இல் எழுதிய கடிதம் ஒன்றில் இது ‘சாக்கா’ என்று வருகிறது. சில ஆண்டுகளில் இன்றைய வடிவம் நிலைத்தது. சார்லஸ் ரெஃபர்ட்-பிரவுன் என்ற மாணவரிடம் “ரக்கர் ஆட வருகிறாயா?” என்று நண்பர் கேட்க, “இல்லை, சாக்கர் ஆடப் போகிறேன்” என்று அவர் சொன்னதுதான் இந்தச் சொல்லின் பிறப்பு என்று ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடியவர் அவர். கதை அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு விடுதி முழுக்க, ஒரு தலைமுறை முழுக்கப் புழங்கிய பேச்சுப் பழக்கத்துக்கு ஒரே ஒருவரைத் தந்தையாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்கா இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. அங்கே ‘ஃபுட்பால்’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொருவர் கைக்குப் போய்விட்டது. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் இரு கல்லூரிகளும் மோதின. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. அமெரிக்கக் கால்பந்தின் முதல் கல்லூரி ஆட்டம் என்று இன்றும் கொண்டாடப்படுவது அதுதான். ஆனால் அன்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதியே இல்லை. பக்கத்துக்கு 25 பேர் ஆடிய அந்த ஆட்டம், இன்றைய அமெரிக்கக் கால்பந்தைவிட லண்டன் சங்கத்தின் ஆட்டத்துக்கே நெருங்கிய உறவு. 1874இல் ஹார்வர்டு மாணவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு ஆடி ரக்பி முறையில் மனம் பறிகொடுத்தார்கள். 1876இல் மற்றக் கல்லூரிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. காலப்போக்கில் அது முற்றிலும் தனி ஆட்டமாக வளர்ந்தது, பெயர் மட்டும் ‘ஃபுட்பால்’ என்றே நின்றது.

பிறகு, இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆட்டத்துக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. ‘சாக்கர்’ தயாராக இருந்தது. அமெரிக்கச் சங்கத்தின் பெயர் மாறிய வரிசையைப் பார்த்தாலே அந்த இழுபறி தெரியும். 1913இல் தொடங்கியபோது ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன்’. 1945இல் ‘சாக்கர் ஃபுட்பால் அசோசியேஷன்’ என இரண்டு சொல்லும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நின்றன. 1974இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் சாக்கர் ஃபெடரேஷன்’ ஆனபோது ஃபுட்பால் விழுந்துவிட்டது. உரிமையான பெயரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு 61 ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்கா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் ஊரில் ‘ஃபுட்பால்’ என்ற பெயரில் வேறோர் ஆட்டம் வேரூன்றியிருந்தால், அங்கே ‘சாக்கர்’ நிலைத்திருக்கிறது. கனடாவில் உண்டு. ‘கேலிக் ஃபுட்பால்’ என்ற தங்கள் சொந்த ஆட்டத்தை ஆடும் அயர்லாந்தில் உண்டு. ஆஸ்திரேலிய அணியின் செல்லப்பெயரே ‘சாக்கரூஸ்’. 2010 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்த ஜோகன்னஸ்பர்க் மைதானத்தின் பெயர் ‘சாக்கர் சிட்டி’. ஜப்பானியர்கள் தங்கள் மொழியில் ‘சக்கா’ என்கிறார்கள்.

பிரிட்டனிலேயே 1970கள் வரை நாளிதழ்களும் ஆட்டக்காரர்களும் இரண்டு சொற்களையும் கூச்சமில்லாமல் புழங்கினார்கள். அதன் பிறகுதான் ‘சாக்கர்’ அங்கே தேய்ந்தது. மிஷிகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி பழைய இதழ்களை அலசி 2014இல் இதைக் காட்டினார். அமெரிக்காவில் ஆட்டம் பரவப் பரவ, ‘இது அமெரிக்கச் சொல்’ என்ற எண்ணம் பிரிட்டனில் வலுத்து, தாங்கள் பெற்ற பிள்ளையையே அவர்கள் தள்ளிவைத்துவிட்டார்கள் என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வேர் முழுதும் அறுபடவில்லை. பிரிட்டனில் நன்கொடை திரட்ட 2006 முதல் நடக்கும் பிரபல ஆட்டத்தின் பெயர் ‘சாக்கர் எய்ட்’தான்.

இந்தப் பின்னணி தெரிந்தால் அமெரிக்க ரசிகரின் மனம் விளங்கும். 2022 நவம்பர் 25 அன்று கத்தாரில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் 0-0 என்று முடித்தபோது, “இதன் பெயர் சாக்கர்!” என்று அமெரிக்க ரசிகர்கள் கூட்டமாக முழங்கினார்கள். அதில் ஆழமான பாசம் இருக்கிறது. தங்கள் நாட்டிலேயே அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து ஆகியவற்றுக்குப் பின்னால் நிற்கும் ஓர் ஆட்டத்தை நேசித்தவர்கள் அவர்கள். வெளிநாட்டுக்குப் போனால் ‘பெயர்கூடத் தெரியாதவர்கள்’ என்ற பேச்சையும் கேட்டவர்கள். அந்தச் சொல்லை உரக்கச் சொல்வது அவர்களுக்குத் தன்மானம்.

அவர்களுடைய காத்திருப்பும் சிறியதில்லை. 1950இல் பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டியில் இங்கிலாந்தை 1-0 என வீழ்த்திய பிறகு, அடுத்த உலகக் கோப்பையில் ஆட அமெரிக்க அணிக்கு 40 ஆண்டுகள் ஆயின. 1994இல் தங்கள் மண்ணில் நடந்தபோது 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்தார்கள். 2022 வரை எந்த உலகக் கோப்பையும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 2017 அக்டோபரில் டிரினிடாடிடம் 2-1 என்று தோற்று, 2018 போட்டிக்குத் தகுதி பெறாமல் போனார்கள். அந்தப் போட்டி ரஷ்யாவில் தொடங்குவதற்கு முதல் நாள், 2018 ஜூன் 13 அன்று, 2026 போட்டி வட அமெரிக்காவுக்கு என்று மாஸ்கோவில் வாக்கெடுப்பில் முடிவானது. தங்கள் அணி இல்லாத உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, எட்டு ஆண்டு கழித்து வரப்போவதை எண்ணத் தொடங்கினார்கள்.

இறுதி ஆட்டம் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். 1869இல் ரட்கர்ஸ் ஆடிய அதே மாநிலம். ஜயண்ட்ஸ், ஜெட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கால்பந்து அணிகளின் தாய்வீடு அந்த மைதானம். அதற்குப் பக்கத்தில் முன்பு நின்ற பழைய மைதானத்தில்தான் 1977 அக்டோபர் 1 அன்று பெலே கடைசியாக ஆடி விடைபெற்றார். பந்தைத் தூக்கி ஓடுபவர்களின் வீட்டில், பந்தைக் கையால் தொடக்கூடாதவர்களின் மிகப் பெரிய திருவிழா. நடத்துவது ஃபிஃபா. அந்த ஃபிஃபாவின் முழுப் பெயரில், ‘ஃபுட்பால்’ என்ற சொல்லுக்கு அடுத்து நிற்கும் சொல் என்ன தெரியுமா? ‘அசோசியேஷன்’. சாக்கரின் தாய்ச்சொல்!

ஃபேன் என்ற சொல்லின் பயணம் இதற்கு நேர் எதிர்த்திசையில். கோயிலைக் குறிக்கும் ‘ஃபானும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, தெய்வ ஆவேசம் கொண்டவரைக் குறிக்கும் ‘ஃபனாட்டிக்’ வந்தது. அதை வெட்டி ‘ஃபேன்’ ஆக்கிப் பரப்பியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேஸ்பால் உலகம். சாக்கரை இங்கிலாந்து அமெரிக்காவுக்குக் கொடுத்தது, ஃபேனை அமெரிக்கா உலகத்துக்குக் கொடுத்தது. தமிழில் இதை ‘விசிறி’ என்று பலர் எழுதுகிறார்கள். காற்று வீசும் விசிறியைக் குறிக்கும் ஆங்கில ‘ஃபேனு’க்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை. அந்த ‘ஃபேன்’ தானியம் தூற்றும் முறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே ‘விசிறி’ வேண்டாம். வடசொல் வழிவந்த ‘ரசிகர்’ ஊரறிந்த சொல், அதையே எழுதலாம். தனித்தமிழில் வேண்டுமென்றால் ‘சுவைஞர்’ என்பார்கள். அது கவிதை கேட்பவருக்குப் பொருந்துகிறது. முகத்தில் வண்ணம் பூசி 90 நிமிடமும் நின்றுகொண்டே பாடுகிறவருக்கு ‘பற்றாளர்’ என்பது இன்னும் நெருக்கம்.

இனி சாக்கருக்குத் தமிழ். தமிழ்நாட்டில் கால்பந்து. சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் காற்பந்து. இலங்கையில் உதைபந்தாட்டம். மூன்றும் சரியே, ஆனால் மூன்றுக்கும் குணம் வேறு.

காலால் ஆடும் பந்து என்று விரிவதால் இது வேற்றுமைப் புணர்ச்சி. வருமொழியில் வல்லினம் வந்தால் நிலைமொழி ஈற்று ‘ல்’, ‘ற்’ ஆகும் என்பது நன்னூல் விதி. பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல், கால் + பந்து காற்பந்து. இலக்கணப்படி சிங்கப்பூர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம். தமிழ்நாட்டில் ‘கால்சட்டை’ என்று இயல்பாக விட்டதுபோல் கால்பந்தையும் விட்டுவிட்டோம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிழை என்று அடிக்க எனக்கு மனமில்லை. புதிதாக எழுதுகிறவர் காற்பந்து என்று எழுதினால் மகிழ்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது உதைபந்து. கால்பந்து என்பது ‘ஃபுட்பால்’ என்பதன் நேர் பெயர்ப்பு. அதனால்தான் அமெரிக்க ஃபுட்பாலும் அதே பெயருக்குள் நுழைந்து குழப்புகிறது. உதைபந்து ஆட்டத்தின் செயலையே சொல்கிறது: உதைக்கிற பந்து, வினைத்தொகை. பெண்கள் கையால் தட்டிப் பாடி ஆடிய பந்தாட்டம் நம் பழைய இலக்கியத்தில் நிறைய உண்டு. அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் ‘உதை’ உதவுகிறது. அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது, ‘ஃபுட்பால்’ என்று வந்தால் ‘அமெரிக்கக் கால்பந்து’ என்றும், ‘சாக்கர்’ என்று வந்தால் ‘கால்பந்து’ அல்லது ‘உதைபந்தாட்டம்’ என்றும் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. மேஜர் லீக் சாக்கர், சாக்கரூஸ் போன்ற சிறப்புப் பெயர்களில் மட்டும் ‘சாக்கர்’ அப்படியே இருக்கட்டும்.

கப் என்பதற்குத் தமிழ்நாட்டில் கோப்பை, இலங்கையில் கிண்ணம். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு என்பதால், கிண்ணம் என்பதே அவர்களுக்குப் பொருந்தும். 1974 முதல் வழங்கப்படும் பரிசு கோப்பை வடிவிலேயே இல்லை, இரண்டு உருவங்கள் உலக உருண்டையைத் தாங்கி நிற்கும் தங்கச் சிற்பம் அது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த அமெரிக்கரின் பேச்சுக்கு வருகிறேன். சென்னையில் அதை இப்படி எழுதலாம்: “நான் கால்பந்து ரசிகன். உலகக் கோப்பை எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறேன்.” யாழ்ப்பாணத்தில்: “நான் உதைபந்தாட்ட ரசிகன். உலகக் கிண்ணம் எப்ப தொடங்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”