ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

"யூடியூப்ல பார்த்தோம் டாக்டர், ஸ்டீராய்டு விஷமாமே. அன்னைக்கே எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டோம்." சமீபத்தில் அவசரப் பிரிவில் ஒரு மகன் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவருடைய அம்மா பக்கத்துக் கட்டிலில் கண்ணைத் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்தார். சில நாட்களாக வாந்தி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. ரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டவில்லை, சர்க்கரை 54. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறெங்கோ குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மி.கி. ஊசியாகப் போட்டு, சலைனும் ஏற்றினோம். மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை இரண்டு வருடமாகச் சாப்பிட்டவர் அவர். அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

இதே கதை, ஆள் மட்டும் மாறி, திரும்பத் திரும்ப வருகிறது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு விஷம் இல்லை. உங்கள் உடம்பே தினமும் அதைச் சுரக்கிறது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் வேலை அது. அங்கே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்காது, சர்க்கரை நிற்காது, ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி. மாத்திரை ஒன்று, சுமாராக ஒரு நாளுக்கு உடம்புக்கு வேண்டிய அளவு. அதற்கு மேல் வாரக்கணக்கில் வெளியிலிருந்து போய்க்கொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். தினமும் மூன்று வேளையும் ஹோட்டலில் இருந்து சாப்பாடு வந்தால் வீட்டில் யார் அடுப்புப் பற்றவைப்பார்கள்? நீங்கள் மாத்திரையைக் குப்பையில் போட்ட அன்றே சுரப்பி விழித்துக்கொள்ளாது. சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை உடம்புக்குப் போதுமான கார்ட்டிசால் கிடைக்காது.

விஷத்தை நிறுத்தினால் ஆள் தேற வேண்டும் அல்லவா? இங்கே நிறுத்தியதால்தான் படுக்கிறார்கள். சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, உடம்புவலி. இதைப் பார்த்துவிட்டு "உள்ளே இருந்த நச்சு வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தைரியம் சொல்லும் ஆட்களும் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ ஒரு சின்ன ஆபரேஷனோ போதும், உயிருக்கே ஆபத்து.

அதற்காக ஐந்து நாள் கோர்ஸ் எழுதிக்கொடுத்தாலே பயப்பட வேண்டாம். ஆஸ்துமா அதிகமாகும்போது சில நாட்களுக்குத் தருவதைச் சொன்ன தேதியில் அப்படியே நிறுத்தலாம். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் போனவர்கள்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டியவர்கள். ஆரம்பத்தில் வேகமாகக் குறைப்போம், 5 மி.கி. பக்கம் வந்ததும் ஆமை வேகம். கடைசி ஒரு மாத்திரைக்கு எதற்கு இத்தனை மாதம் என்று சலித்துக்கொள்வீர்கள். அந்தக் கடைசி மாத்திரையில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, அப்படியானால் ஆபத்தே இல்லாத மருந்தா? அதையும் யாரும் நம்ப வேண்டாம். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில நாட்களிலேயே நடந்தார். 1950-ல் நோபல் பரிசும் வந்துவிட்டது. முகம் உப்புவதும், எலும்பு தேய்வதும், நிறுத்தினால் வலி திரும்புவதும் கூடவே தெரிய வந்தன. கொரோனா காலத்திலும் இதைத்தான் பார்த்தோம். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரிழப்பை தினம் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. ஆனாலும் 2021-ல் லேசான காய்ச்சலுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள், சர்க்கரை எகிறியது, பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது.

இப்போது அந்தப் பொட்டலத்துக்கு வருவோம். அட்டை இல்லை, பெயர் இல்லை, காலையில் ஒரு செட், ராத்திரி ஒரு செட். உள்ளே வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, பொடிசாக ஒன்றிரண்டு. அந்தப் பொடிசைத்தான் கவனிக்க வேண்டும். "0.5 தானே சார்" என்பார் கடைக்காரர். டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம். வேளைக்கு இரண்டு பொடி மாத்திரை என்று இரண்டு வேளை விழுங்கினால் 2 மி.கி., அதாவது பிரெட்னிசோலோன் கணக்கில் 13 மி.கி.க்கும் மேல், வருடக்கணக்கில். "சாப்பிட்டதும் வலி பறந்துபோச்சு, நல்லா பசிக்குது, கன்னமெல்லாம் வச்சு ஆளே தெளிஞ்சுட்டேன்" என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கை கால் மெலிந்து, முகமும் வயிறும் மட்டும் பெருத்து, லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் சர்க்கரை, பிரஷர், கண்புரை, இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் சிதைவது, உறங்கிக்கிடந்த காசநோய் தலைதூக்குவது என்று வரிசையாக வரும்.

மூட்டுவலிக்கென்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடியிலும் லேகியத்திலும் இதைக் கலக்கிறார்கள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. எந்த மருத்துவராக இருந்தாலும் என்ன கொடுக்கிறோம் என்று எழுதித்தர வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரையின் பெயர் 'சோன்', 'சோலோன்' என்று முடிந்தால் ஸ்டீராய்டா என்று கேளுங்கள். கேட்கத்தான் சொல்கிறேன், முடிவு கட்ட அல்ல. சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோனும் அப்படித்தான் முடிகிறது. அதை நிறுத்திவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்காதீர்கள்.

களிம்பு பற்றிச் சுருக்கமாக. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் கொழுத்துப் பரவும். முகம் வெளுக்க என்று பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, கடைசியில் வெயிலில் தலைகாட்ட முடியாது. 2018-லேயே இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. கடையில் கேட்டுப் பாருங்கள், நடப்பது தெரியும்.

இன்ஹேலருக்குப் பயப்படும் பெற்றோரிடம் ஒரே ஒரு கணக்கு. ஒரு உறிஞ்சலில் இருக்கும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். ஒரு பிரெட்னிசோலோன் 5 மி.கி. மாத்திரை 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மூச்சுத் திணறும்போதெல்லாம் பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பவர்கள் எதைத் தவிர்க்கிறார்கள்? உறிஞ்சியதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சுரப்பியே கெட்டுப்போனவர்கள். காசநோய் அட்ரீனலைத் தின்றுவிட்டவர்கள், பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி அட்ரீனலை முடுக்கிவிடும் மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த பெண்கள், பிறவியிலேயே இந்த ஹார்மோன் சுரக்காத குழந்தைகள். இவர்கள் சாப்பிடுவது வலிக்கான மருந்து அல்ல. உடம்பில் இல்லாததை ஈடுகட்டுகிறார்கள், பெரும்பாலும் ஆயுளுக்கும். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" என்று வீட்டில் இருப்பவர்கள் நச்சரிக்காதீர்கள். விரதம், கல்யாணம், ஊர்ப்பயணம், எதற்காகவும் ஒரு நாள் விடக்கூடாது. (காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதைத் தொடங்கும் மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்டியிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். அவசரத்தில் எங்களுக்கே விட்டுப்போகும்.)

காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் இவர்களுக்கு வழக்கமான அளவு போதாது. பொதுவாக இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ தேவைப்படும். உங்களுக்கு எவ்வளவு என்பதை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை தங்காமல் வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள், ஊசி போட வேண்டும். பல் பிடுங்கினாலும் சரி, பெரிய ஆபரேஷன் ஆனாலும் சரி, "நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: மருந்தின் பெயர், அளவு, எதற்காக. மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

வலிக்காகவோ தோல் நோய்க்காகவோ மாதக்கணக்கில் எடுப்பவர்கள் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். ராத்திரி எடுத்தால் தூக்கம் கெடும். சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், காலை மாத்திரையின் வேலை மதியத்துக்கு மேல்தான் தெரியும். கூடவே வலி மாத்திரையும் வாங்கி விழுங்கினால் வயிற்றில் புண் வரும். கண்ணையும் எலும்பையும் எப்போது பரிசோதிப்பது என்று கேளுங்கள்.

பல நாளாக ஏதோ பொட்டல மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதைப் படித்ததும் சந்தேகம் வருகிறது என்றால், இன்றைக்கு ராத்திரி மாத்திரையை விட்டுவிட வேண்டாம். மிச்சம் இருப்பதைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் கொஞ்சம் திட்டுவோம், அப்புறம் எப்படிக் குறைப்பது என்று எழுதித் தருவோம்.