ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் மகளுக்கும் வருமா?

கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை போட்டிருக்கும் 60 வயது அம்மா ஒருவருக்கு மார்பில் கட்டி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மகள்தான் முதலில் என் அறைக்குள் வந்தார்.

"டாக்டரம்மா, ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ்னு போட்டிருக்கு. அப்போ எனக்கும் வருமா? தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கு."

கொரோனாவுக்கு அப்புறம் பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்த வரி பேசுவது கட்டியைப் பற்றி மட்டும்தான். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசப்டர் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். 100 புற்று செல்லில் ஒன்று பழுப்பானாலே பாசிட்டிவ் என்றுதான் எழுதுவார்கள். எவ்வளவு பழுப்பு என்பதற்கு மதிப்பெண்ணும் போடுவார்கள்; இந்த அம்மாவுக்கு 8-க்கு 8. மகள் அழுதுகொண்டிருந்தார், எனக்கோ அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி. ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் கட்டி என்றால், அதைப் பட்டினி போட மாத்திரை இருக்கிறது. டமாக்ஸிஃபென் 1970-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவையும் உண்டு. 5 வருடமாவது தினமும் போட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஜீன்? ஈஸ்ட்ரோஜன் ரிசப்டருக்கான ஜீன் 6-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்தில் சிலருக்கு டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அது ஆபத்தைக் கூட்டும், ஆனால் சொற்பமாக. இப்படிச் சின்னச் சின்னதாகக் கூட்டும் இடங்கள் 200-க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரமும் வருகிறது. அந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்துப் பெண்களை வைத்துப் போட்டது. கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. காசைக் கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நிஜமாகவே கவனிக்க வேண்டியவை வேறு: பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. இவை ரிசப்டர் ஜீன்கள் அல்ல, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்பவை. இவற்றில் கோளாறு உள்ள பெண்களில் 100-க்கு 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரலாம். சினைப்பைப் புற்றும் வரலாம். ஆனால் மொத்த மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். அதனால் டெஸ்ட்டுக்கு எழுதுவதற்கு முன் குடும்பக் கதையைக் கேட்பேன்.

இங்கேதான் சிக்கல். "எங்க வீட்ல யாருக்கும் இல்லீங்க" என்பது எல்லோரும் சொல்லும் முதல் பதில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை யார் வந்தாலும் அம்மா வழியை மட்டும்தான் சொல்வார்கள். பெரியம்மா, சித்தி, ஆயா. அப்பா வழியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புற்று என்ற சொல்லும் வீட்டுக்குள் நுழையாது. "வயித்துல கட்டி", "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

"அத்தை யாராவது?" என்று கேட்டேன்.

"ஒரு அத்தை வயித்துல கட்டி வந்து செத்துட்டாங்க. 44 வயசு. தண்ணி கோத்து வயிறு வீங்கிடுச்சாம்."

பழைய ஃபைல் இருந்தால் எடுத்துவரச் சொன்னேன். அடுத்த வாரம் ரேஷன் கார்டு பையிலிருந்து ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு வந்தது: சினைப்பைப் புற்று.

ஆக, மகளைப் பொறுத்தவரை கேள்வி அம்மாவின் ரிப்போர்ட்டிலேயே இல்லை. அத்தை உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவரைச் சோதித்திருப்போம். இப்போது அவருடைய தம்பியைத்தான் சோதிக்க வேண்டும். அந்த ஜீன் கோளாறு அப்பாவிடம் இருந்தால் மகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்பா வெளியே ஷேர் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கா? மார்ல கட்டி அவளுக்குத்தானேம்மா?"

மகளைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எந்தக் கையில எடுப்பீங்க?" என்றார்.