ஒன்றரை அடியா, இரண்டு அடியா? ஜிப்சம் சீலிங் தொய்வது ஏன்

வேலூரில் சித்திரை வெயில் தாழ்ந்த பிறகும் கார் ஷெட்டுக்குள் அனல் அடங்காது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். அதனால் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீடு கட்டுகிறவர்களில் சிலர் ஷெட்டுக்கும் ஜிப்சம் சீலிங் கேட்கிறார்கள். தளத்துக்கும் போர்டுக்கும் நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும் என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் விசாரிக்கும்போது போர்டு எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கிறோம். மேலே மறைந்துவிடும் ஜி.ஐ. சேனலைப் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) பற்றிக் கேட்பதே இல்லை. சீலிங் தொய்வது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

முதலில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துச் சுவர் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, ஓரச் சேனலை அடிப்பார்கள். அப்புறம் தளத்தில் ஆங்கர் போட்டு, ஜி.ஐ. பட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் 4 அடிக்கு ஒன்றாகப் பெரிய சேனல். அதன் அடியில் குறுக்காக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, சீலிங் செக்‌ஷன் என்கிற சட்டம். போர்டு ஏறுவது இதில்தான்.

இந்த ஒன்றரை அடியில்தான் கைவைப்பார்கள். 4-க்கு 6 அடி போர்டை 2 அடி இடைவெளியிலும் மாட்டலாம், போர்டின் முனை சரியாகச் செக்‌ஷன் மேல்தான் உட்காரும், சேனலும் மிச்சம். பார்க்க வித்தியாசமே தெரியாது. ஆனால் தன் எடையால் ஒரு பலகை எவ்வளவு வளையும் என்பது இடைவெளியின் நான்காம் அடுக்கில் கூடும். ஒன்றரை 2 ஆனால் தொய்வு மூன்று மடங்குக்கும் மேல். 12.5 மி.மீ. போர்டு ஒன்று 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அந்த எடை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஜிப்சம் இளகும்போது விழும் வளைவு, வெயில் வந்தாலும் முழுசாக நிமிராது. திறந்த ஷெட்டுக்கு ஈரம் தாங்கும் போர்டே சரி.

வளையும் போர்டின் அடிப்பக்கம் இழுபடும். ஜிப்சத்துக்கு இழுவை தாங்காது, அதைத் தாங்குவது அந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதம். அதனால் ஸ்க்ரூ தலை காகிதத்தை லேசாக அமுக்கி நிற்க வேண்டும், கிழித்துக்கொண்டு உள்ளே போனால் பிடிப்பு போச்சு. ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ 9 அங்குலம்.

படுக்கையறையில் இல்லாத ஒரு சிக்கலும் ஷெட்டில் உண்டு. முன்பக்கம் திறந்திருப்பதால் கோடை மழைக்கு முன் வீசும் காற்று சீலிங்கை மேலே தள்ளும். பட்டைக்குப் பதில் கம்பியில் தொங்கவிட்டால், அது கீழே இழுப்பதைத் தாங்கும், மேலே தள்ளினால் மடங்கிவிடும். இங்கே விறைப்பான பட்டைதான் வேண்டும்.

தீ விஷயத்திலும் ஜிப்சம் உதவும். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை போர்டின் மறுபக்கம் பெரிதாகச் சூடேறாது. அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டுக்கு ஜிப்சம் போர்டு வேண்டும் என்று கட்டட விதியே இருப்பது இதனால்தான்.

போர்டு ஏறுவதற்கு முன் டேப் பிடித்து இடைவெளியை அளந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டதா? ஒரு காந்தத்தைச் சீலிங்கில் ஓட்டினால் ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் ஒட்டும், வரிசைக்கு வரிசை எத்தனை அங்குலம் என்று அப்போதும் அளக்கலாம்.