10 என்ற வித்தியாசம் எவ்வளவு சொல்கிறது?

சென்னையில் வங்கித் தேர்வுக்கும் எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறவர்கள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு போடும் கணக்குகளில் தரவுப் போதுமை வினாக்களும் உண்டு. இவ்வகை வினாவில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். கேள்விக்கு ஒரே ஒரு விடையை உறுதிப்படுத்த முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதைக் கண்டறிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று பகா எண்கள் ஏறுவரிசையில் ஒரு கூட்டுத் தொடர்வரிசையாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை (பொது வித்தியாசம்) கூட்டிக்கொண்டே போகும் வரிசையாக, அமைந்துள்ளன. முதல் உறுப்பு எது? கூற்று 1: பொது வித்தியாசம் 10. கூற்று 2: முதல் உறுப்பு ஓரிலக்க எண்.

இரண்டாம் கூற்று தனியாகப் போதாது. 3, 5, 7 என்பதும் 5, 11, 17 என்பதும் அதற்குப் பொருந்தும். பலரும் உடனே இரண்டு கூற்றுகளையும் சேர்த்து, ஓரிலக்கப் பகா எண்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். 2-உடன் 10-ஐக் கூட்டினால் 12, 5-உடன் கூட்டினால் 15. 7-இல் தொடங்கினால் 17-ஐத் தாண்டி 27-இல் நின்றுவிடும். மிஞ்சுவது 3, 13, 23 மட்டுமே. விடை கிடைத்த மகிழ்ச்சியில் 'இரண்டும் தேவை' என்று குறித்துவிட்டால் மதிப்பெண் போய்விடும், ஏனெனில் முதல் கூற்றே போதுமானது.

காரணம் 3-ஆல் வகுக்கும்போது வரும் மீதியில் இருக்கிறது. 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஒவ்வொரு முறை 10-ஐக் கூட்டும்போதும் மீதி ஒரு படி நகர்ந்து, மூன்று உறுப்புகளும் 0, 1, 2 என்ற மூன்று மீதிகளையும் ஏதோ ஒரு வரிசையில் பெறும். மீதி 0 பெறும் உறுப்பு 3-இன் மடங்கு. அது பகா எண்ணாகவும் இருக்க வேண்டுமானால் 3-ஆகத்தான் இருக்க முடியும். அதற்கு முன்னால் 10 குறைவாக ஒரு பகா எண் இருக்க வழியில்லை என்பதால், 3 முதலிடத்தில்தான் நிற்கும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில், இப்படி மீதிகளைக் கொண்டு கணக்கிடும் மட்டு எண்கணிதமும் கூட்டுத் தொடர்வரிசையும் ஒரே இயலில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் தனித்தனி மதிப்பெண்களாகப் படித்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம்.

இன்னும் சிக்கனமாகவும் ஒரு கூற்றை அமைக்கலாம்: 'பொது வித்தியாசம் 6-இன் மடங்கு அன்று.' வித்தியாசம் எவ்வளவு என்றே சொல்லாத இதுவும் முதல் உறுப்பைக் கண்டறியப் போதும். வித்தியாசம் ஒற்றை எண்ணானால் 2-ஐவிடப் பெரிய இரட்டை எண் ஒன்று இடையிலோ கடைசியிலோ வந்துவிடும். எனவே அது இரட்டை எண். 6-இன் மடங்கு இல்லை என்பதால் 3-ஆலும் வகுபடாது. பழைய வாதமே மீண்டும் 3-ஐக் கொண்டுவந்து தரும். ஆனால் இரண்டாவது உறுப்பு எது என்று கேட்டால் இதே கூற்று போதாது: 3, 7, 11 என்பதும் 3, 11, 19 என்பதும் பொருந்தும்.

ஆம், இல்லை வினாக்களில் உறுதியான 'இல்லை'யும் போதுமான விடைதான் என்பதை மறக்கக் கூடாது. நம் மூன்று பகா எண்களின் வரிசையை நீட்டினால் நான்காவது உறுப்பும் பகா எண்ணா என்ற கேள்விக்கு, 'முதல் உறுப்பு 3' என்ற கூற்று மட்டுமே போதும். நான்காவது உறுப்பு 3-உடன் வித்தியாசத்தின் மும்மடங்கைக் கூட்டியது. அது எப்போதும் 3-ஆல் வகுபடும், எனவே 'இல்லை'. இதே போல 5-இல் தொடங்கினால் ஆறாவது உறுப்பில் தடுக்கும்: 5, 11, 17, 23, 29-க்குப் பிறகு வருவது 35. எந்தப் பகா எண்ணில் தொடங்கினாலும் இப்படி ஓர் இடம் உண்டு. ஆகவே வித்தியாசம் பூச்சியமாக இல்லாதவரை, முடிவின்றி நீளும் ஒரு கூட்டுத் தொடர்வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்க முடியாது. முடிவுள்ள நீளம் என்றால் அத்தடை இல்லை: எவ்வளவு நீளம் கேட்டாலும் அந்த நீளத்தில் பகா எண்களாலான கூட்டுத் தொடர்வரிசை உண்டு என்று கணிதவியலாளர்கள் பென் கிரீனும் டெரன்ஸ் டாவோவும் 2004-இல் நிறுவினர்.